இன்னும் படுதா

சத்தம் இறங்கிக்கொண்டே வந்தது. கட்டிலில் ஒருக்களித்து, முழங்கால்களுக்கு நடுவில் ஒரு தலையணையை இடுக்கிக்கொண்டு படுத்திருந்த கோகிலாமணி, உச்சி சாய்ந்ததிலிருந்து அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். வீட்டுச் சுவருக்கும் புழு வளர்க்கிற செட்டுக்கும் நடுவே ஒரு மாட்டுவண்டி நுழைகிற சந்துதான். பட்டுப்புழு நாலு தோல் உரித்து ஐந்தாம் பருவத்துக்கு வந்துவிட்டால் ராத்திரி பகல் இல்லாமல் மல்பெரித் தழை தின்னும். அந்தச் சத்தம் சன்னல் வழியாக ஏறி வந்து இன்னொரு ஆள் மாதிரி வீட்டுக்குள் குடியிருக்கும். செட்டைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும், மழை பெய்யற மாதிரியே இருக்குதுங்க என்பார்கள். அவளுக்கு ஒருநாளும் அப்படித் தோன்றியதில்லை. கல்யாணப் பந்தியில் ஊர் மொத்தமும் உட்கார்ந்து அப்பளம் நொறுக்குகிற சத்தம் அது. இப்போது பந்தி கலைகிறது. கடைசி வரிசையில் யாரோ நாலு பேர் மட்டும் இலையை வழித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களும் எழுந்துவிட்டால் அவ்வளவுதான், புழு தலையைத் தூக்கி இப்படியும் அப்படியும் ஆட்டித் தேட ஆரம்பித்துவிடும். மாட்டுக்குப் பசித்தால் கத்துகிறது. பாப்பாவுக்குப் பசித்தால் வீட்டை இரண்டாக்குகிறாள். இது ஒன்றுதான் பசித்தால் சத்தத்தை நிறுத்துகிறது. கூடு கட்டப் போகிற சமயத்தில் ஒரு வேளைத் தீனி தப்பினால் கூட்டில் தெரியும், விரலால் அமுக்கினால் பொக்கென்று உள்ளே போகும். தழைக்குப் பஞ்சமில்லை. காலையிலேயே புருசன் மயில்சாமி அறுத்து, கட்டுக் கட்டாகக் கட்டி, புங்கமர நிழலில் அடுக்கி, மேலே ஈரச்சாக்கை விரித்துவிட்டு, மத்தியானத் தீனிக்கு வந்தர்றேன் என்று டெம்போவை எடுத்துக்கொண்டு போனான். புழு கூடு கட்டுவதற்கு வைக்கிற பிளாஸ்டிக் தட்டுகளைத் தளி ஊருக்குப் பக்கத்தில் ஒருத்தரிடம் இரவல் கேட்டிருந்தான். அவன் போன பின்னால் மாமியாரும் ஒரு எழவு வீட்டுக்குக் கிளம்பிப் போய்விட்டார். பாப்பா பள்ளிக்கூடம். இத்தனை பெரிய தோட்டத்தில் அவளும் புழுவும் மட்டும்.

போன் வந்தபோதே அவளுக்குத் தெரியும். நேரத்துக்கு வருகிறவன் எதற்குப் போன் பண்ணப் போகிறான். டயர் வெடிச்சுருச்சு புள்ள, என்றான். ஸ்டெப்னி? அதுலயும் காத்தில்ல. பின்னால் லாரிகள் போகிற இரைச்சல் கேட்டது, அதற்குள் அவன் வாயை வைத்துக் கத்தினான். அம்மா வந்துருச்சா? இல்லீங்க, வந்தாலும் எழவு வீட்டுக்குப் போயிட்டு வந்து தலைக்குத் தண்ணி ஊத்தாம எப்படிச் செட்டுக்குள்ள போவாங்க. ஆமால்ல. அடுத்து என்ன வரப்போகிறது என்றும் அவளுக்குத் தெரிந்தது. கேட்க அவனுக்கே கூச்சம், தொண்டையைக் கனைத்தான். கோகிலா, உனக்கு இன்னும் படுதா? அவள் யோசிக்கவேயில்லை. படுதுங்க, என்றாள். சேலையில் கறை பட்டிருக்கிறதா என்று கேட்டால் சொல்வதைப்போல, அத்தனை சுலபமாக வந்தது. செரி செரி, நீ எந்திரிக்காத, செட்டுப் பக்கமே போயராத, நா எவனாச்சும் ஒருத்தனப் புடிச்சு வந்தர்றேன். வைத்துவிட்டான். வைத்த பின்னாலும் அவள் போனைக் காதிலேயே வைத்திருந்தாள். படுதுங்க. எத்தனை தடவை சொல்லியாயிற்று. மாமியாரிடம் சொன்னபோது ஒன்றும் செய்யவில்லை, இன்றைக்கு அவனிடம், அதுவும் புழு பசியில் கிடக்கிற நேரத்தில் சொன்னதும்தான் நாக்கில் ஏதோ ஒட்டிக்கொண்ட மாதிரி இருந்தது.

புரட்டாசி நடுவிலேயே நின்றுவிட்டது. கர்ப்பப்பையை எடுத்த பிறகு கொஞ்ச நாளைக்கு லேசாக ரத்தம் பட்டுக்கொண்டுதான் இருக்கும், பயப்பட வேண்டாம், நிறைய வந்தால் மட்டும் ஓடி வா என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். சொன்னபடியே பட்டது, ரோஜாப்பூ நிறமாகி, மண் நிறமாகி, ஒருநாள் காலையில் ஒன்றுமே இல்லை. அன்றைக்கு அவளுக்கு என்ன சந்தோசம். பாப்பாவை உட்கார வைத்து ரெட்டைச் சடை போட்டு, அதில் கனகாம்பரம் வைத்து, போட்டோகூட எடுத்தாள். அப்போதுதான் குளியலறைக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று மாமியார் ராமாத்தாள் கேட்டார். இன்னும் படுதா அம்மிணி? தினமும் கேட்கிற கேள்விதான். குத்தலாகக் கேட்கிறவர் இல்லை, மாட்டுக்குத் தண்ணி காட்டினயா என்று கேட்கிற மாதிரி ஒரு கேள்வி. நின்னுருச்சுங்க அத்தை என்று சொல்ல வாயைத் திறந்தாள். திறந்த வாய்க்குள் அந்த வாரம் வரப்போகிற புழு முட்டை, விரிக்கப்போகிற தழை, புங்கமரத்தடியிலிருந்து செட்டு வரைக்கும் கட்டைத் தலைக்கு ஏற்றி நடக்கிற நடை எல்லாம் ஒரே சமயத்தில் நுழைந்துவிட்டன. படுதுங்க அத்தை, என்றாள். செரி அப்ப, செட்டுப் பக்கம் வராத. அவ்வளவுதான். அதோடு முடிந்தது. டாக்டரம்மா சிவப்பு மையில் அடிக்கோடு போட்டுக் கொடுத்த சீட்டு சாமி படத்துக்குப் பின்னால்தான் சொருகி இருக்கிறது, மார்கழி பிறக்கும் வரைக்கும் குடம்கூடத் தூக்கக் கூடாது என்று அதில் இருக்கிறது. அதை மாமியாருக்கு அவளே படித்துக் காட்டினாள். அவிய அப்படித்தான் சொல்லுவாங்க அம்மிணி, டவுன்ல இருக்கறவிய, என்றார் அவர். சீட்டுக்கு இந்த வீட்டில் மதிப்பில்லை. தீட்டுக்கு இருந்தது. படுகிறது என்கிற ஒரு வார்த்தைக்கு முன்னால் யாரும் வாயைத் திறப்பதில்லை. அப்புறம் வெறும் வார்த்தை போதவில்லை என்று அவளுக்கே பயம் வந்து, படாத துணியை எடுத்துச் சோப்புப் போட்டுத் துவைத்து, குளியலறைக்குப் பின்னால், மாமியார் கண்ணில் படுகிற மாதிரியும் படாத மாதிரியும் ஒரு இடத்தில், காயப் போட ஆரம்பித்தாள். முதல்நாள் துவைக்கும்போது சிரிப்பு வந்தது. சுத்தமான துணியை இத்தனை அக்கறையாகத் துவைக்கிறவள் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்திதான் என்று நினைத்துச் சிரித்தாள், சிரித்தால் தையல் இழுக்கும் என்று அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இப்போது சிரிப்பு வருவதில்லை. கைமட்டும் துவைக்கிறது.

மாசத்தில் அந்த மூன்று நாள் பொம்பளைகள் புழு செட்டுக்குள் போகக்கூடாது. வாசலில் குழிகட்டி பிளீச்சிங் தண்ணி ஊற்றி வைத்திருப்பார்கள், அதில் காலை நனைத்துவிட்டுத்தான் யாரும் உள்ளே நுழைய வேண்டும், தூரமானவள் அந்தக் குழிக்கு இந்தப் பக்கமே நின்றுகொள்ள வேண்டும். புழுவுக்கு ஆகாது. பால் நோய் வந்துவிடும், உடம்பு ஊதி, தோல் கிழிந்து, பால் மாதிரி ஒழுகி, தட்டுத் தட்டாகச் செத்துப்போகும். இதையெல்லாம் நம்புகிறாயா என்று யாராவது அவளைக் கேட்டால் அவள் சிரித்து வைப்பாள். பத்தாவது வரைக்கும் படித்தவள், அறிவியலில் நல்ல மார்க் வாங்கியவள், ஈரத் தழை போட்டால்தான் அந்த நோய் வரும் என்று பட்டுத்துறை ஆபீசர் வந்து சொன்னபோது முன் வரிசையில் உட்கார்ந்து கேட்டவள். ஆனால் கல்யாணமாகி வந்த வருசம், தேதி தெரியாமல், உள்ளே நின்று தழை போட்டுக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு ஆகிவிட்டது. யாரிடமும் சொல்லாமல் வெளியே வந்துவிட்டாள். அந்தத் தடவை பாதிப் புழு பாலாகப் போயிற்று. முந்தின வாரம் பூராவும் மழை, தழையெல்லாம் ஈரம், அதனால்தான் என்று அவளுக்குத் தெரியும். தெரியும்தான். இருந்தாலும் இத்தனை வருசம் கழித்தும் செட்டு வாசலில் காலை நனைக்கிறபோது, ஒரு நொடி, உடம்புக்குள் எங்கேயோ விசாரித்துக்கொள்ளாமல் அவளால் உள்ளே போக முடிவதில்லை. இன்றைக்கு விசாரிக்க என்ன இருக்கிறது. விசாரிக்கிற இடத்தையே எடுத்தாயிற்று. ஆனால் படுது என்று சொல்லியிருக்கிறாயே. சொன்னால் படுமா. சொல்லச் சொல்ல வந்துவிடும் என்பார்களே, காய்ச்சல் காய்ச்சல் என்று பொய் சொல்லிப் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டால் நிஜமாகவே காய்ச்சல் வந்துவிடும் என்று பாப்பாவை அவளே மிரட்டியிருக்கிறாளே. இப்போது உள்ளே போய்த் தழை போட்டு, நாளைக்கு நாலு புழு பாலாகிவிட்டால், படுதுன்னு சொல்லீட்டு உள்ள போனா பாரு என்பார்கள். படவில்லை என்று அப்போது சொன்னால் யார் நம்புவார்கள்.

அந்த மூன்று நாளைச் சும்மா சொல்லக் கூடாது. கவர்மென்ட் உத்தியோகத்துக்குக்கூட மாசம் தவறாமல் இப்படி லீவு கிடையாது என்று அவளே பக்கத்துத் தோட்டத்துப் பொம்பளைகளிடம் சொல்லிச் சிரிப்பாள். தழை அறுக்க வேண்டாம், கட்டுச் சுமக்க வேண்டாம், பின்கட்டில் பாயை விரித்துப் பாப்பாவோடு பல்லாங்குழி ஆடலாம். அப்புறம் வயிற்றுக்குள் கட்டி வந்தது. மூன்று நாள் வாரமாயிற்று, வாரம் பத்து நாளாயிற்று, உடம்பு வெளுத்து, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது, ஒருநாள் பஸ்சில் உட்கார்ந்த சீட்டைவிட்டு எழுந்திருக்க முடியாமல் இறங்கவேண்டிய ஊரைத் தாண்டிப் போனாள். வீட்டில் பேச்சு ஆரம்பித்தது. மாசத்துல பாதி நாள் இவ தூரம்னா புழுவை ஆரு பாக்கறது. அது பொய்யில்லை, யார் பார்ப்பார்கள். டாக்டரம்மா ஸ்கேனைத் தூக்கிப் பிடித்து, மாத்திரை போட்டுப் பார்க்கலாம், ஊசி இருக்கிறது, எடுக்கிறதென்றாலும் எடுக்கலாம், வயசு கம்மியாக இருக்கிறதே என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். அப்போதுதான் மயில்சாமி கேட்டான், எடுத்துட்டா அப்புறம் எப்பவும் செட்டுக்குள்ள போலாமுங்களா? டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்தார். எந்த செட்டு, என்றார். கோகிலாமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளோடு சேர்ந்து நர்சும் சிரித்தாள், அவனும் அசடு வழியச் சிரித்தான், அந்தச் சிரிப்பிலேயே எடுத்துருங்க டாக்டர் என்று அவள் சொல்லிவிட்டாள். யார் சொன்னது அதை. ரத்தமாகப் போய்க்கொண்டிருந்த உடம்பு சொன்னதா, செட்டுச் சொன்னதா. அவன் கெட்டவன் இல்லை, ஆஸ்பத்திரியில் ராத்திரியெல்லாம் வராந்தாவில் துண்டை விரித்துப் படுத்துக் கிடந்தான், கஞ்சியை ஆற்றி ஆற்றிக் கொடுத்தான். அவன் கேட்டது வெள்ளாமைக்காரன் கேட்கிற கேள்வி. ஆனால் அந்தக் கேள்வி போகமாட்டேன் என்கிறது. எப்பவும் போலாமுங்களா. எப்பவும். இனி ஒதுங்குகிற நாள் என்று ஒன்று கிடையாது. சாகிற வரைக்கும் எல்லா நாளும் உள்ளே போகிற நாள். வலியை எடுத்துவிட்டார்கள், நல்லது, ஆயுசுக்கும் கும்பிடலாம். அதோடு சேர்த்து வேறொன்றும் போய்விட்டது, அதை யாரிடம் போய்க் கேட்பது, எந்த ஸ்கேனில் தெரியும்.

இடி இடித்தது. ஐப்பசி மேகம், மத்தியானம் வரைக்கும் சுள்ளென்று காய்ந்துவிட்டு, திருமூர்த்தி மலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்துவிடும். தழை வெளியே கிடக்கிறது என்று நினைத்ததுதான் தெரியும், சடாரென்று எழுந்துவிட்டாள். பக்கவாட்டில் புரண்டு, கையை ஊன்றி, காலைத் தொங்கப் போட்டு, அப்புறம்தான் எழுந்திருக்க வேண்டும் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். நேராக எழுந்துவிட்டாள். அடிவயிற்றில் குறுக்கே ஒரு கயிற்றை யாரோ வெடுக்கென்று இழுத்தார்கள். அப்படியே நின்றாள். நின்ற இடத்திலேயே, தொடைக்கு நடுவில், ஈரம். ஈரமா. ஈரம்தான். வெதுவெதுப்பாக. படுதுங்க, படுதுங்க, படுதுங்க. கேட்டுக்கொண்டே இருந்தாயே, வாங்கிக்கோ. ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில் அக்கா ஒருத்தி இருந்தாள், பொள்ளாச்சிப் பக்கம், தேங்காய் உரிக்கிற வேலை, வீட்டுக்குப் போய்க் கொஞ்ச நாளிலேயே ஒரு சிப்பத்தைத் தூக்கிவிட்டு, உள் தையல் விட்டுப்போய், மறுபடி கொண்டுவந்து போட்டிருந்தார்கள். ஆரும் தூக்கச் சொல்லலை கண்ணு, என்றாள் அவள். குறுக்க கெடந்துச்சு, நானாத்தான் தூக்கிப் போட்டேன். அதைச் சொல்லும்போது வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னாள். அவளுக்கு இருந்தது ரெண்டு ஆண்பிள்ளை, பெரிய பிள்ளைகள். பாப்பா ஒண்ணாவதுதான். பாப்பாவுக்குச் சாதம் பிசையும்போது உருளைக்கிழங்கைத் தனியாக ஓரத்தில் வைக்க வேண்டும், கலந்துவிட்டால் சாப்பிட மாட்டாள், இது கோகிலாமணியைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. எழுதியா வைக்க முடியும். நகர்ந்தால் இன்னும் வந்துவிடுமோ என்று நகராமல் நின்றாள். பார்க்காதவரைக்கும் அது ரத்தமும் இல்லை, ரத்தம் இல்லாததும் இல்லை. இன்னொரு இடி. இந்தத் தடவை கிட்டத்தில். சுவரைப் பிடித்துப் பிடித்துக் குளியலறைக்குப் போனாள், தாழ்ப்பாள் போடவில்லை, விழுந்தால் யாராவது திறக்க வேண்டுமே. வயிற்றுப் பெல்ட்டை அவிழ்த்தாள். துணியை எடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாள். திறந்து பார்த்தாள். வெள்ளை. பெல்ட்டுக்கு உள்ளே கசகசத்து ஓடியிருந்த வேர்வை. வேர்வையேதான். விரலால் தொட்டு, வெளிச்சத்தில் காட்டி, மோந்துகூடப் பார்த்தாள். வேர்வை. கவிழ்த்திருந்த வாளியின் மேல் உட்கார்ந்தாள், சாமி சாமி என்றாள், அழுகை வருகிற மாதிரி இருந்து சிரிப்பு வந்தது. சிரித்து முடித்தபோது செட்டுப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. பந்தி முழுக்க எழுந்துவிட்டது.

புங்கமரத்தடியில் காற்று சாக்கைப் புரட்டிக்கொண்டிருந்தது. ஒரு சொட்டு முழங்கையில் விழுந்தது, ஒரு சொட்டு உச்சந்தலையில். ஈரமான தழை குப்பைக்குத்தான். அவள் முதல் கட்டின் பக்கத்தில் போய் நின்றாள், அவ்வளவுதான், மிச்சத்தை உடம்பே செய்தது. சேலையை இழுத்துச் சொருகி, ஒரு முழங்காலைக் கட்டின்மேல் முட்டுக் கொடுத்து, கயிற்றுக்கு அடியில் ரெண்டு கையையும் கொடுத்து, மூச்சை உள்ளே இழுத்து நிறுத்தி, இனி ஒரு எக்கு எக்கினால் கட்டு இடுப்புக்கு வந்துவிடும், இன்னொரு எக்குக்குத் தலைக்குப் போய்விடும். மூச்சை இழுத்த இடத்திலேயே அவள் தன்னைப் பார்த்துவிட்டாள். யாரும் தூக்கச் சொல்லவில்லை. தோட்டத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. இங்கே நின்று தூக்குவது யார். மாமியார் தூக்கச் சொல்லிவிடுவார் என்று பயந்தேனே, புருசன் தூக்கச் சொல்லிவிடுவான் என்று பயந்தேனே, அவர்கள் எங்கே. விட்டாள். கையை ஒவ்வொரு விரலாகக் கயிற்றிலிருந்து எடுத்தாள். அப்புறம் கட்டை அங்கேயே அவிழ்த்து, பாப்பா சுமக்கிற அளவுக்குத் தழைக் குச்சிகளை அள்ளி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தாள். மறுபடி வந்தாள். மறுபடி போனாள். ஓடத் தோன்றியது, ஓடவில்லை. மழை அவளைவிட வேகமாக நடந்தது. கடைசியில் இருந்த கட்டுகள் நனைவதைப் பார்த்துக்கொண்டேதான் முன்னால் இருந்ததை எடுத்தாள். நனையட்டும். அவற்றை அப்படியே விடுவதுதான் சுமப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது, இப்படி ஒரு வேலையை அரைகுறையாக விட்டுப் பழக்கமே இல்லை. செட்டு வாசலில் பிளீச்சிங் குழி. காலை வைக்கப் போன இடத்தில் வழக்கம்போல உடம்பு தன்னை விசாரித்தது. ஒன்றுமில்லை, என்று உரக்கவே சொன்னாள். குளிர்ந்த தண்ணீரில் காலை நனைத்து உள்ளே ஏறினாள்.

உள்ளே தழையின் பச்சை வாசமும் புழுக்கழிவின் வாசமும் சுண்ணாம்புத் தூளும். நீள நீளமான தட்டுகள், ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று அடுக்கு, அதில் இலை போய் வெறும் குச்சிகள், குச்சிகள் மேல் விரல் தடிமனில் வெள்ளை வெள்ளையாகப் புழுக்கள், அத்தனையும் தலையைத் தூக்கி, அத்தனையும் தேடிக்கொண்டு. அவள் கடைசியாக ஆபரேஷனுக்கு முன்னால், ஆவணிக்கும் முன்னால் பார்த்தது. வந்துட்டேன் வந்துட்டேன், இருங்க, என்றாள், பந்தியில் பரிமாற வந்தவள் மாதிரி. நடு அடுக்கில் தலைமாடு கால்மாடாக மாற்றி மாற்றிக் குச்சியை வரிசையாக விரித்தாள். கை மறக்கவில்லை. கீழ் அடுக்குக்குக் குனியவில்லை, முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து போட்டாள். போட்டுக்கொண்டு போகப் போக, பின்னால் சத்தம் எழும்பியது, முதலில் ஒரு மூலையில், அப்புறம் அந்த வரிசை முழுக்க. நன்றாக இருந்தது. இது அவளுக்குப் பிடித்த வேலைதான், யாரும் மிரட்டி வாங்கிய வேலை இல்லை, அதுதான் சங்கடம். மேல் அடுக்கு மிச்சம். நெஞ்சுக்கு மேலே, கையை நீட்டி எம்பிப் போட வேண்டும். குச்சிகளை ஒரு கொத்தாகப் பிடித்துக் கையைத் தூக்கினாள். விளிம்புக்கு மேல் போய்விட்டது. இன்னும் ஒரு சாண். அந்தக் கயிறு அடிவயிற்றில் இழுக்க ஆரம்பித்தது, முன்னைப்போல வெடுக்கென்று இல்லை, மெதுவாக, கேட்கிற மாதிரி. மேலே நூற்றுக்கணக்கில் தலைகள் விளிம்புக்கு வெளியே நீண்டு ஆடின. ஒரு தடவை போட்டால் என்ன. ஒரே ஒரு தடவை. பொள்ளாச்சிக்காரி சிப்பத்தை ஒரு தடவைதான் தூக்கினாள். நாளைக்கும் ஒரு தடவை என்று தோன்றும். கையை இறக்கினாள். கூரையில் மழை பிடித்துக்கொண்டது, அந்த இரைச்சலில் கீழே தின்கிற சத்தம் கேட்கவில்லை, மேலே தின்னாத மௌனமும் கேட்கவில்லை. அவள் மட்டும் இரண்டையும் கேட்டுக்கொண்டு நின்றாள்.

“ஆரது உள்ள? கோகிலாவா?”

ராமாத்தாள் முந்தானையை முக்காடாகப் போட்டுக்கொண்டு பிளீச்சிங் குழிக்கு அந்தப் பக்கம் நின்றார். மழையில் பாதி நனைந்திருந்தார். எழவு வீட்டுச் சேலையோடு அவரால் குழியைத் தாண்ட முடியாது.

“நாந்தானுங்க அத்தை.”

“அய்யோ, தூரத்தோட உள்ள போயிட்டயா?”

“தூரம் இல்லீங்க. அது நின்னு போச்சு.”

“எப்ப?”

“புரட்டாசியிலயே.”

ராமாத்தாள் அவளைப் பார்த்தார். மழைத்தண்ணீர் அவர் மூக்கிலிருந்து சொட்டியது, துடைக்கவில்லை. “அப்பறம் தெனமும் ஒரு துணி காஞ்சுதே?”

“சும்மா தொவச்சேனுங்க.”

“சும்மாவா? ஏன், நானென்ன பேயா பிசாசா? தையல் போட்ட புள்ளையத் தூக்குடீன்னு நின்னுருவனா?”

“நீங்க சொல்ல மாட்டீங்க அத்தை,” என்றாள். சொன்ன பிறகுதான் அது நிஜம் என்று தெரிந்தது. “நானாத் தூக்கிருவேன். இப்பக்கூடக் கயித்துல கைய வெச்சுட்டேன். அதுக்குத்தான் தூரம்னு சொல்லி வெச்சேன்.”

“தூக்கீட்டயா?”

“இல்லீங்க. குச்சி குச்சியாக் கொண்டாந்தேன். பின்னால இருந்த கட்டு நனஞ்சு போச்சு. இனி உக்காந்து போடறதுன்னா தெனமும் வந்து போடறனுங்க. கட்டு எடுக்க மாட்டேன். டாக்டரம்மா மார்கழின்னாங்க, நா தைன்னு வெச்சுட்டேன்.”

“அவிய சொன்னது பத்தாம நீ வேற ஒரு மாசம் போட்டுக்கிட்டயா?”

“ஆமாங்க.”

மாமியாரின் பார்வை அவளைத் தாண்டி உள்ளே போய், கீழ் அடுக்கு, நடு அடுக்கு என்று ஏறி, மேலே நின்றது.

“மேல வெறுந்தட்டாக் கெடக்குதே. பாவம், உனக்கு எட்டலையா?”

எட்டலை என்று சொல்லலாம். கேட்ட குரலில் அதற்கு இடம் இருந்தது, அதைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிடலாம், நாளைக்கு வேறொன்று, நாளன்றைக்கு இன்னொன்று. கோகிலாமணி மேல் தட்டை ஒருமுறை பார்த்தாள்.

“எட்டுமுங்க அத்தை. நாந்தான் போடலை.”

மழை கொட்டியது. ராமாத்தாள் சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, வீட்டுப் பக்கம் விறுவிறு என்று நடந்தார். குளியலறையில் வாளி நகர்கிற சத்தம், தலைக்கு மொண்டு மொண்டு ஊற்றுகிற சத்தம், அவசரமாக, மூச்சு விடாமல். கோகிலாமணி நனையாத தழையாகப் பொறுக்கி, அவர் வந்ததும் எடுக்கத் தோதாக வாசல் பக்கம் வைத்தாள். வைத்துவிட்டு, மேலே பசித்த தலைகள் ஆடிக்கொண்டிருக்க, முக்காலியில் உட்கார்ந்தாள்.